புகார்தாரராக நடித்த ஏட்டம்மா

பயிற்சி வகுப்பில் யாராவது மனத்தை உருக்கும்படி நடித்தால் உடனே கைதட்டிவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று அழைத்தபோதே, பேசினால் இதைத்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். நிதிக் கோரிக்கையை எப்படி எழுதுவது, செலவுச் சான்றிதழை யாருக்கு அனுப்புவது என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரிகள் சொல்லித் தருவார்கள். சீக்கிரமே பழகிவிடும். நான் சொல்லப்போவது எனக்குப் பழக வெகுகாலம் ஆயிற்று. இன்னும் முழுசாகப் பழகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நம் பிரிவு என்ன செய்கிறது? மண்டலத்துக்குள் இருக்கும் காவல் நிலையங்கள், நீதிமன்றங்கள், கிளைச் சிறைகள், நன்னடத்தை அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு நிதி வாங்கித் தருகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. நாம் யாரையும் கைது செய்வதில்லை. யாருக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை. அதனால் நம் கையால் யாருக்கும் கெடுதல் வந்துவிடாது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. கடலூரில் வேலை பார்த்த காலத்தில் எனக்கும் அது இருந்தது.

அன்றைக்கு வகுப்பு தேவனாம்பட்டினம் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில். குடும்ப வன்முறைப் புகாரோடு ஒரு பெண் வந்தால் அவளை எப்படி உட்கார வைப்பது, என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது என்பதுதான் பாடம். வெவ்வேறு நிலையங்களிலிருந்து காவலர்கள் வந்திருந்தார்கள். பாடம் நடத்த ஓய்வுபெற்ற நீதித்துறை நடுவர் ஒருவரை அழைத்திருந்தோம். அவரை நாங்கள் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவோம். நான் இந்த வேலையில் ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் பெரும்பகுதி அவரிடம்தான்.

நான் நெல்லிக்குப்பத்திலிருந்து வர வேண்டும். சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற சமயம். கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்து நின்றதில் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஐயா காத்திருக்கவில்லை. பாடத்தை ஆரம்பித்து, நடிப்புப் பயிற்சிக்கு ஆட்களையும் பிரித்து முடித்திருந்தார். புகார் கொடுக்க வரும் பெண்ணாக நடிக்க வளர்மதி என்ற தலைமைக் காவலர். புகாரை வாங்கும் அதிகாரியாகக் கந்தவேல் என்ற சிறப்பு உதவி ஆய்வாளர். கந்தவேல் கலகலப்பான மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் அவரை வில்லனாக்கிக்கொள்வது சுலபம்.

வளர்மதியை அதற்கு முன் எனக்குத் தெரியாது. முப்பத்தைந்தைத் தாண்டிய வயது. கச்சிதமாகத் தேய்த்த காக்கிச் சட்டை. வகுப்பில் யாரோடும் சேர்ந்து சிரிக்காமல், ஆனால் முகம் கொடுக்காமலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவரும் இதே மாவட்டத்தில் உதவி ஆய்வாளர் என்று பிறகுதான் தெரிந்தது.

இருவர் கையிலும் ஒரு தாள் கொடுத்திருந்தோம். கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் மேல் புகார் கொடுக்க வருகிறாள். அவ்வளவுதான் அதில் இருந்தது. மீதியை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும்.

வளர்மதி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சொல்லும்மா, என்னா பிரச்சன? குடிச்சிட்டு அடிக்கிறாரா?” என்றார் கந்தவேல்.

“குடிக்க மாட்டாரு சார்.”

கந்தவேல் தன் தாளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “பின்ன எதுக்கு அடிக்கிறாரு?”

“அது தெரிஞ்சா அத செய்யாம இருந்திருப்பனே சார்.”

மண்டபத்தில் பேச்சு அடங்கியது. கந்தவேலும் வேடிக்கைக் குரலை விட்டுவிட்டார். “எப்படி நடக்கும்? கொஞ்சம் சொல்லும்மா.”

“மொதல்ல டிவி சத்தத்த ஜாஸ்தி பண்ணுவாரு. அப்புறம் கையில கட்டியிருக்கிற வாட்ச கழட்டுவாரு. கழட்டி ஃபிரிட்ஜ் மேல வெப்பாரு, ஒடஞ்சிடக் கூடாதுல்ல. அத வெச்சாருன்னா நான் எழுந்து சமையல் ரூம் பக்கம் போயிடுவேன். ஹால்ல வேணாம்னு. புள்ள படிக்கும்.”

“காயம் எதுனா இருக்கா?”

“யூனிஃபார்ம் மறைக்கிற எடத்துல தான் சார் அடிப்பாரு.” உடனே நிறுத்தினார். “பொடவ. பொடவ மறைக்கிற எடத்துல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நடிக்கிறபோது வேலை ஞாபகம் வந்து வாய் தவறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். வளர்மதியும் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிந்ததும் பலமான கைதட்டல். கந்தவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்மா, என்ன அழ வெச்சிட்டியேம்மா!” என்றார். நன்றாக நடித்தவருக்கு ஒரு பரிசு கொடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. ஐயாவே தன் கையால் ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வளர்மதி அவருக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

டீ இடைவேளையில் நான் அவரிடம் போனேன். “வளர்மதி, இதெல்லாம் எங்கேருந்து சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு அப்பால் பார்த்தார். “ஸ்டேஷன்ல தெனம் கேக்கறது தானே மேடம். நடிப்பு தான்.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கந்தவேல் திரும்பி, “இவுங்க போலீசுக்கு வந்திருக்கவே கூடாது மேடம், சினிமாவுக்குப் போயிருக்கணும்,” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் ஐயாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, “எனக்கும் அந்த யூனிஃபார்ம் உறுத்திச்சு,” என்றார். “ஆனா நீங்க கேட்டாச்சு, அவங்க இல்லன்னுட்டாங்க. அதுக்கு மேல நாம நோண்டினா அது விசாரணை. அவங்களுக்கு வேலையிலயும் சங்கடம், வீட்லயும் சங்கடம். உங்க நம்பர மட்டும் குடுத்து வைங்க.”

மாலையில் என் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். “என்ன நேரம்னாலும் கூப்பிடலாம்,” என்றேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த அரவைக் காலமும் வந்து போயிற்று. அழைப்பு வரவில்லை. நானும் வேறு வகுப்புகள், வேறு ஊர்கள் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஓர் உதவி ஆய்வாளர் மேல் அவர் மனைவி புகார் கொடுத்திருக்கிறார், துறைரீதியான விசாரணை நடக்கிறது, நீங்கள் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “ஒங்க டிரெய்னிங்ல நடந்த ஒரு விஷயம் மேடம்,” என்றார் அங்கே இருந்தவர். பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாக்குமூலத்துக்கு முந்தின நாள் பிற்பகல் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வளர்மதி என்னைப் பிடித்துவிட்டார். சேலையில் இருந்தார். இடது கையில் கட்டு. நெல்லிக்குப்பம் பஸ் நிற்கும் இடத்தில், கூட்டத்துக்கு நடுவே, நடந்ததைச் சொன்னார்.

அடி புதிது இல்லை. அவர் புகார் கொடுத்ததற்குக் கை முறிந்ததுகூட இரண்டாவது காரணம்தான். ஒரு சாயங்காலம் அவர் கணவர் வழக்கம்போல வாட்சைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் ஹாலில் இருந்திருக்கிறாள். அவள் எழுந்து போய், யாரும் சொல்லாமலே, தானே ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, புத்தகத்தோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அவளுக்குப் பழகிடுச்சு மேடம்,” என்றார் வளர்மதி. “கரண்டு போனா மெழுகுவத்தி எடுக்கற மாதிரி செஞ்சா. அதப் பாத்தப்புறம் என்னால முடியல.”

மறுநாள் புகார் கொடுக்கப் போயிருக்கிறார். வீடு எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் கந்தவேல்.

“உள்ள போனதும், ‘என்னா ஏட்டம்மா, இன்னிக்கும் நான்தான் ஆபீசரா?’ன்னு சிரிச்சாரு. நான் சொல்ல ஆரம்பிச்சேன். வாட்ச்சுன்னு சொன்னதும், ‘இது அன்னிக்கே சொன்னதாச்சே’ன்னாரு. நான் அழுதுட்டேன். அப்பதான் அவருக்கு மொகம் மாறிச்சு. ஆனா என்னா பண்ணாரு தெரியுமா மேடம்? எங்க வூட்டுக்காரருக்குப் போன் போட்டு, ‘சார், வீட்ல கொஞ்சம் பேசி முடிச்சிக்கங்க’ன்னுட்டாரு. நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சாரு.”

அதன்பிறகுதான் மேலிடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். கணவர் தன் விளக்கத்தில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்திருந்தார். என் மனைவி நன்றாக நடிப்பவர், பயிற்சி வகுப்பில் இதே கதையை நடித்துப் பரிசு வாங்கியிருக்கிறார், அதே கதையைத்தான் இப்போது புகாராகக் கொடுத்திருக்கிறார், வகுப்பில் இருந்த எல்லோரும் சாட்சி.

என் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

“மேடம், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னிக்கு டீ குடிக்கிறப்போ நான் உங்க கிட்ட உண்மைய சொல்லிட்டேன்னு. இது நடிப்பு இல்ல, என் வூட்ல நடக்கறதுன்னு சொன்னேன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“நீங்க சொல்லலியே வளர்மதி.”

“சொல்லியிருப்பேன் மேடம். கந்தவேல் சார் பக்கத்துல நின்னாரு. அவர வெச்சிக்கினு எப்படி சொல்றது? நீங்க கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயி கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனோ என்னமோ.”

அவர் குற்றம் சாட்டவில்லை. கணக்குப் பார்ப்பது போலச் சொன்னார். இதை மட்டும் உங்கள் கையேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்கிறோம் என்பதற்கு நாம் பாடம் பாடமாக நடத்துகிறோம். எங்கே நின்று, யார் காதுபடக் கேட்கிறோம் என்பதற்கு அன்று வரை ஒரு வரி இருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் ஐயாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பொய் சொன்னா மாட்டிக்குவீங்க. கந்தவேல் அங்கதான் நின்னாருன்னு நீங்களே சொல்றீங்க. அவர் பேச்சு ஒண்ணு, உங்க பேச்சு ஒண்ணுன்னு ஆச்சுன்னா, அந்தம்மா சொல்ற நிஜமும் பொய்யோட சேர்ந்து போயிடும்.”

“அப்ப உண்மையச் சொன்னா மட்டும் புகார் நிக்குமா ஐயா?”

“நிக்காதும்மா.” பிறகு, “உங்களுக்கு இதச் சொல்றது எனக்கு சுலபம். பரிசு குடுத்தவன் நான். அத மறந்துட்டுப் பேசறேன்னு நெனைக்காதீங்க,” என்றார்.

விசாரணை அதிகாரி மோசமானவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் உள்ளே போகும்போது கந்தவேல் தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். “நடந்தத நடந்த மாதிரி சொல்லிட்டேன் மேடம். பொய் ஒண்ணும் சொல்லல,” என்றார். தான் சொன்ன நிஜம் எங்கே போய் விழும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

“வகுப்புல இந்த வாட்ச், டிவி சத்தம் எல்லாம் சொன்னாங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

“சொன்னாங்க. அதுவேதான் சார் நான் சொல்ல வரது. எப்பவோ சொன்னத, இப்போ புருஷனப் பழிவாங்க ஜோடிச்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? குடுத்த தாள்ல இது எதுவும் கெடையாது. அவங்க வாழ்க்கையிலேர்ந்துதான் வந்திருக்கணும்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கைகூட வந்தது.

“நீங்க அவங்களத் தனியா ஏதாவது கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

வெளியே பெஞ்சில் வளர்மதி உட்கார்ந்திருந்தது திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. அவருக்கும் நாங்கள் பேசுவது கேட்டிருக்கும்.

“நடிப்புதான்னு சொன்னாங்க. ஆனா நான் நம்பல. பயந்து சொன்னாங்கன்னு நெனச்சேன்.”

“நெனச்சது வேணாம் மேடம்,” என்றார் தணிந்த குரலில். “சொன்னது மட்டும்.”

அது மட்டும் இல்லை. கை முறிந்து அரசு மருத்துவமனைக்குப் போனபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று வளர்மதியே சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எங்களுக்குள் சண்டையே கிடையாது என்று சொல்லியிருந்தார். அடிபடுகிற பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒவ்வொரு ‘இல்லை’யும் வரிசையாக வந்து அவருக்கு எதிராக உட்கார்ந்தது. கடைசியில் மகளைக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவோடு வந்த அந்தப் பெண், “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்று சொல்லியிருக்கிறாள்.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, குடும்பத் தகராறு, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள அறிவுரை வழங்கப்பட்டது. இவ்வளவுதான் முடிவு. வளர்மதி தானே கேட்டுச் சிதம்பரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் ஒரு வழக்கும் போட்டார். அது வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் கடலூரில் அப்பாவிடமே இருந்தாள். பள்ளிக்கூடம் அங்கே, சிநேகிதிகள் அங்கே. அதோடு, அம்மா பொய்ப் புகார் கொடுத்தவள் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

விசாரணை அன்று நான் வெளியே வந்தபோது வளர்மதி எழுந்து நின்றார். அதன்பிறகு பல வருஷம் அவர் என்னோடு பேசவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பயிற்சியில் காவலர்களைப் பாதிக்கப்பட்டவராக நடிக்க வைப்பதை எங்கள் மண்டலத்தில் நிறுத்தினோம். பரிசையும் நிறுத்தினோம். காவல் துறையில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் வீட்டுக் கொடுமையைச் சொல்ல, துறைக்கு வெளியே உள்ள ஆலோசகரை வைத்து ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நிதி கேட்டு எழுதினேன். நம் திட்டங்களில் காவலர் என்பவர் எப்போதும் உதவி செய்கிறவர். உதவி கேட்கிறவராக அவருக்கு அதில் இடமே இல்லை. மேலே இருந்து பதில் வந்தது: இது பயிற்சிச் செலவுக்கான தலைப்பில் வராது. மறுபடி எழுதினேன். அதே பதில். ஐயா தன் கடைசிக் காலம் வரை ஒவ்வொரு தரமும் அந்த வரைவைத் திருத்திக் கொடுத்தார். ஒரு தரம்கூட, விடுங்கம்மா என்று சொல்லவில்லை. அவர் போன பிறகும் நான் எழுதினேன். இப்போது அந்தக் கோப்பு உங்களில் யாரிடமாவதுதான் இருக்கும்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது சிதம்பரம் போனேன். ஒரு நிலையத்தில் பெண்கள் உதவி மையம் அமைக்க நாம் நிதி கொடுத்திருந்தோம். மேஜை, நாற்காலி, மறைப்பு எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், மையத்தின் பொறுப்பில் உட்கார்ந்திருந்தவர் வளர்மதி. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“வாங்க மேடம்,” என்றார். பழைய கோபமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மறைப்புக்கு இந்தப் பக்கம், சுவரோரப் பெஞ்சில், ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, கையில் போன். புகார் கொடுக்க வந்தவளோ என்று பார்த்தேன்.

“என் பொண்ணு மேடம்,” என்றார் வளர்மதி குரலைத் தாழ்த்தி. “அவங்கப்பா இங்கதான் காலேஜ்ல சேத்திருக்காரு. ஹாஸ்டல்ல இருக்கா. கொஞ்ச நாளா சாயங்காலம் வந்து உக்காருவா. டீ வாங்கித் தருவேன், குடிச்சிட்டுப் போயிடுவா. பேச மாட்டா. நானும் ஏன் வரேன்னு கேக்கல. கேட்டா வராம பூடுவா.”

நான் வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப எழுந்தபோது அந்தப் பெண் எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“நீங்கதானே அந்த டிரெய்னிங் மேடம்? அப்பா வீட்ல உங்களப் பத்தி சொல்வாரு. உண்மையான மனுஷின்னு.”

எனக்குச் சுருக்கென்றது.

“அன்னிக்கு டி.எஸ்.பி. சார் கிட்ட நான் சொன்னது பொய். அத இப்ப எழுதிக் குடுத்தா எடுத்துப்பாங்களா?”

வளர்மதி சட்டென்று அவள் கையைப் பிடித்தார். “வேணாம். மொதல்ல படிச்சி முடி. பீஸ் கட்டறது அவருதான். ஹாஸ்டல் அவருது. இப்ப வேணாம் பாப்பா.”

“நான் மேடத்த கேக்கறேன்.”

பெண்களை உட்கார வைத்து, நீ தைரியமாகப் பேசு என்று சொல்ல வேண்டிய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த நாற்காலிக்குரியவரே தன் மகளைப் பேசாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வளர்மதி சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வார்த்தையில் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுபோகலாம். ஆனால் இத்தனை நாள் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள், இன்று வாயைத் திறந்திருக்கிறாள். இன்று மூடச் சொன்னால் மறுபடி எப்போது திறப்பாள்? எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை. ஐயாவும் இல்லை.

“எடுத்துப்பாங்க,” என்றேன். “ஆனா இங்க எழுதாத. அம்மா சொல்லித்தான் எழுதினேன்னு நாளைக்குச் சொல்லிடுவாங்க. அம்மா போட்ட கேசு கோர்ட்ல இருக்கு. அங்க சாட்சி சொல்லலாம். இலவச சட்ட உதவி வக்கீல் கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். அம்மா வர வேணாம்.”

வளர்மதி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் நன்றி இல்லை.

அடுத்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு போனேன். விஷயம் தெரிந்ததும் அப்பா பீஸ் கட்டுவதை நிறுத்தினார். அந்த வருஷம் அவளால் பரீட்சை எழுத முடியவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அம்மாவின் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். பகலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நான் ஓய்வு பெற்றேன். வளர்மதியிடமிருந்து எனக்குப் பேச்சு இல்லை. நான் சொன்னது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வருஷம் முழுக்க நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் பிற்பகல் போன் வந்தது. வளர்மதி.

“கோர்ட் உத்தரவு வந்துடுச்சு மேடம். நான் சொன்னது நெஜம்னு போட்டிருக்காங்க. அவரு என் கிட்டயும் பாப்பா கிட்டயும் வரக் கூடாது. படிப்புச் செலவு அவருதான் தரணும்.”

வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“அவ சாட்சி சொன்ன அன்னிக்கு நானும் உள்ள இருந்தேன் மேடம். அவரோட வக்கீல் குறுக்கக் குறுக்கக் கேட்டாரு, இவ அசரல. நான் மறந்துபோனதெல்லாம் சொன்னா. ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறப்போ, பொங்கலுக்கு மறுநாள், அடி வாங்கினப்போ நான் மஞ்ச சேல கட்டியிருந்தது. அடுத்த நாள் நான் இட்லிக்கு மாவு அரைக்கிறப்போ கைய மாத்தி மாத்தி வெச்சிக்கிட்டது. தூங்கறான்னு நெனச்ச நாள்ல எல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கா. அவளுக்குத் தெரியாம பாத்துக்கினேன்னு நெனச்சிக்கிட்டுத்தானே மேடம் இத்தன வருஷம் அங்க இருந்தேன்.”

நான் போனைக் காதில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சிதம்பரத்துக் கடைத்தெரு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வைக்கும்வரை நான் வைக்கவில்லை.